பார்த்துக்கொண்டிருத்தல்

எங்கள் ஊரில் டெனிஸ் என்றால் பந்து. மட்டையும் இல்லை, வலையும் இல்லை, கோர்ட்டும் இல்லை. பந்து மட்டும்தான். பொத்துவில் கடைகளில் "டெனிஸ் போல் ஒண்டு தாங்க" என்று வாங்கி, அறுவடை முடிந்த வயலிலும் உல்லைக் கடற்கரையின் ஈரமணலிலும் மென்பந்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். வாங்கிய அன்று கோழிக்குஞ்சு மாதிரி மஞ்சள் மயிரோடு இருக்கும். இரண்டு கிழமையில் மொட்டையாகிவிடும். அந்தப் பந்தை அதன் சொந்த வீட்டில் வைத்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள். 2008 ஜனவரி 5, சனிக்கிழமை, சென்னை நுங்கம்பாக்கம்.

டெனிஸ் பார்க்க நான் சென்னைக்குப் போகவில்லை. உம்மாவின் நெஞ்சில் மூன்று அடைப்பு. கொழும்பில் காட்டிவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு நானும் ராத்தாவும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். பொத்துவிலிலிருந்து மொனராகலை வழியாகக் கொழும்புக்கு ஒரு முழுப் பகல். வழியெல்லாம் சோதனைச் சாவடி. இறங்கி நடந்து மறுபடி ஏறவேண்டிய இடங்களில் உம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதன் பிறகு வந்த விமானப் பயணம் ஏறியதும் இறங்கியதுமாகத்தான் இருந்தது.

கிரீம்ஸ் ரோட்டுப் பக்கம் லொட்ஜ் எடுத்தோம். அந்தத் தெருக்களை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்முனையையும் அக்கரைப்பற்றையும் காத்தான்குடியையும் ஆளுக்கு ஓர் அறையாகக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். படிக்கட்டில் ஏறும்போது யாராவது ஒருவர் கையில் எக்ஸ்ரே உறையோடு இறங்குவார். சலாம் சொல்லிவிட்டு, "ஆருக்கு வருத்தம்?" என்பார்.

உம்மாவுக்குச் சீனி கூடியிருந்தது. அது இறங்கினால்தான் வெட்டுவோம் என்றார் டொக்டர். அதனால் காத்திருந்தோம். காலையில் இரத்தம் எடுப்பார்கள், மாலையில் தாள் வரும், நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள். அந்த ஒரு கிழமையில் நான் செய்த வேலை என்ன என்று கேட்டால், கதிரையில் இருந்தேன் என்பதுதான் பதில். நோயாளிக்குத் துணையாக வந்தவனுக்கு வேறு வேலை இல்லை. ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "உம்மாவ நல்லாப் பாத்துக்க." பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை பகல் லொட்ஜ் முகாமையாளர் ஒரு டிக்கெட்டை நீட்டினார். அவருடைய மைத்துனருக்கு வாங்கியதாம், அவருக்கு வரமுடியவில்லையாம். சென்னை ஓப்பன் அரையிறுதி. நடாலும் மோயாவும். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா ராத்தாவைப் பார்த்தார். "போயிட்டு வரட்டும் கா. ஒரு கிழமையா என்ட மொகத்தையே பாத்துப் பாத்து அவனுக்கும் வருத்தம் வந்திரும்" என்றார்.

டெனிஸில் எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது. சிறு வயதில் எங்கள் தெருவில் டீவி இருந்த ஒரே வீட்டில் விம்பிள்டன் பார்ப்போம். எட்பேர்க்கும் பெக்கரும் 1988, 1989, 1990 என்று அடுத்தடுத்து மூன்று இறுதி ஆட்டங்களில் மோதினார்கள். முதலாவதில் எட்பேர்க், இரண்டாவதில் பெக்கர். மூன்றாவதுதான் கணக்குத் தீர்க்கும் ஆட்டம். அது நடந்த ஜூலையில் கிழக்கில் யுத்தம் மறுபடி மூண்டு ஒரு மாதம் ஆகவில்லை. மின்சாரம் இல்லை, டீவியும் இல்லை. எட்பேர்க் வென்ற சேதி வானொலியில் ஒரு வரியாக வந்து போனது. ஒரு மெட்சைப் பார்ப்பதற்கும் முடிவைக் கேள்விப்படுவதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நுங்கம்பாக்கம் மைதானம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் இருக்கலாம். அந்தப் பகுதியே முன்னர் ஒரு பெரிய ஏரியாக இருந்ததாம். எழுபதுகளில் அதைத் தூர்த்து, அந்த நிலத்தில்தான் வள்ளுவர் கோட்டத்தையும் கட்டினார்களாம். இதைச் சொன்னவர் என் பக்கத்து இருக்கைக்காரர், எழுபதைத் தாண்டிய ஒரு சென்னைப் பெரியவர். வேட்டியும் கைக்கடிகாரமும் மடியில் ஒரு பிஸ்கட் பொட்டலமுமாக இருந்தார். என் பேச்சு ஒரு வசனம் ஓடுவதற்குள் "சிலோனா தம்பி?" என்றார். ஓம் என்றேன். "யுத்த நிறுத்தத்தை முறிச்சுட்டாங்களாமே?" என்றார். மூன்று நாளைக்கு முன்பு, ஜனவரி 2ஆம் திகதிதான் அரசாங்கம் அந்த முடிவை எடுத்திருந்தது. அதற்கும் ஓம் என்றேன். அவர் அதற்கு மேல் கிளறவில்லை. பிஸ்கட்டை நீட்டினார். ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன கதைக்குத் தாவினார். டெனிஸ் இந்த நகரத்துக்கு வந்தேறி விளையாட்டில்லை என்று எனக்கு நிறுவிக்காட்டுவதில் அவருக்கு ஒரு கடமையுணர்ச்சி இருந்தது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சோடி சேர்ந்து வாங்கிய முதல் பட்டம் 1997இல் இதே மண்ணில்தான் என்றார்.

அவர் மோயா கட்சி. கலரியில் பாதிப் பேர் மோயா கட்சிதான் என்று தோன்றியது. 2004இலும் 2005இலும் இங்கே பட்டம் வாங்கியவர் அவர். சென்னைக்காரர்களுக்கு வீட்டு மாப்பிள்ளை மாதிரி. நடாலும் புதியவரில்லை. 2004இல் பதினேழு வயதில் ரொப்ரேடோவோடு சேர்ந்து இங்கே இரட்டையர் பட்டம் வாங்கியவர். இந்த முறை உலகின் இரண்டாம் நிலைக்காரராக, மூன்று தடவை பிரெஞ்சு ஓப்பனை வென்ற ஆளாக வந்திருந்தார். இருவரும் மயோர்க்கா என்ற ஒரே தீவுக்காரர்கள். மோயாவுக்குப் பத்து வயது கூட. சிறுவன் நடாலை ஊரில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்ட மூத்தவரும் அவர்தான். காக்காவும் தம்பியும் வேலிக்கு இரு பக்கம் நின்று அடிபடப் போகிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

டீவியில் தெரியாத முதல் விஷயம் சத்தம். நடாலின் மட்டையில் படும்போது பந்து 'டொக்' என்று சொல்வதில்லை. தென்னை மட்டையால் பாயை அடித்துத் தூசி தட்டுவது போல ஒரு கனத்த ஒலி. இரண்டாவது, பந்தின் வளைவு. வலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் போய், இது வெளியேதான் விழும் என்று நாம் முடிவெடுத்த பிறகு, யாரோ நூல் கட்டி இழுத்தது போலக் கோட்டுக்குள் இறங்கும். இறங்கியதும் தோளுயரம் எழும்பும். எங்கள் மொட்டைப் பந்துக்கு இது தெரியாது. பந்தில் அந்த மயிர் எதற்கு இருக்கிறது என்று முப்பத்தைந்து வயதில் கண்டுகொண்டேன். அதுதான் காற்றையும் மட்டையையும் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது, மௌனம். ஆறாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடுவதை நான் பள்ளிவாசலுக்கு வெளியே அன்றுதான் கண்டேன். நடுவர் ஒரு தரம் சொன்னால் போதும். சேர்வ் போட முன்பு பந்தைத் தரையில் தட்டும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. பொயின்ட் முடிந்ததும் கொட்டும் மழை. மறுபடி மௌனம். எழும்பி நடமாடவும் சட்டம் இருந்தது. வீரர்கள் பக்கம் மாறும்போதுதான் கலரியில் ஆள் அசைய விட்டார்கள்.

முதல் செட் டை பிரேக்குக்குப் போனது. மோயா 7-3. பெரியவர் என் தொடையில் ஓர் அறை வைத்தார். மஃரிபுடைய நேரம் ஏற்கெனவே போய்விட்டது; பயணிக்கு உள்ள சலுகையில் இஷாவோடு சேர்த்துத் தொழலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. டெனிஸுக்கு மணிக்கூடு கிடையாது என்பதை அன்று நான் உடம்பால் கற்றேன். கால்பந்தில் தொண்ணூறு நிமிடம், கிரிக்கெட்டில் இத்தனை ஓவர் என்று ஒரு கரை தெரியும். இதில் கடைசிப் பொயின்டை ஒருவன் எடுக்கும் வரை மெட்ச் இருக்கிறது. நேரத்தைக் கடத்தி யாரும் தப்ப முடியாது. முன்னால் நிற்பவனும் கடைசி ஒரு படியை ஏறியே ஆகவேண்டும்.

அந்தப் படியில்தான் மோயா நின்றார். இரண்டாவது செட்டும் டை பிரேக். மெட்ச் பொயின்ட். நடால் தப்பினார். மறுபடி மெட்ச் பொயின்ட். மறுபடி தப்பினார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. ராத்தா.

எடுக்க முடியாது. எழும்பவும் முடியாது. இரண்டு பக்கமும் முழங்கால்கள். அதிர்ந்து நின்றது. திரும்ப அதிர்ந்தது. உம்மாவுக்கு நெஞ்சு நொந்திருக்குமோ, வார்டுக்கு இறக்கிவிட்டார்களோ என்று என் தலை ஓடியது. கண் மட்டும் பந்தோடு இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. நான்கு தடவை மோயாவின் கைக்கு வந்த மெட்ச் நான்கு தடவையும் நழுவி, நடால் 10-8 என்று அந்த செட்டை எடுத்தபோது கலரி முழுவதும் எழும்பி நின்றது. நானும் எழும்பினேன், வெளியே ஓட.

படிக்கட்டின் கீழே நின்று அழைத்தேன். ராத்தா சொன்னார்: "ஒண்டுமில்ல. உம்மா கேக்கச் சொன்ன, நீ தின்னயா எண்டு."

"இதுக்கா ரெண்டு தரம் எடுத்த?"

"நீ எடுக்கல்ல, அதான் ரெண்டாந் தரம். எப்ப முடியும்?"

"தெரியா."

"டிக்கட்டுல போட்டிருக்காதா?"

இல்லை, டிக்கெட்டில் அது போட்டிருக்காது. ஆஸ்பத்திரியிலும் ஒரு கிழமையாக இதே கேள்வியைத்தான் நான் தாதிமாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது பெரியவர் எனக்காக இருக்கையில் தன் துவாயைப் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது செட்டும் டை பிரேக்குக்கே போனது. ஆனால் அதில் பரபரப்பு இல்லை. மோயாவுக்கு முப்பத்தொரு வயது. கால்கள் அதைச் சொல்லத் தொடங்கியிருந்தன. 7-1. மூன்று மணி ஐம்பத்துநான்கு நிமிடம். வலையருகே இருவரும் தழுவிக்கொண்டார்கள். மூத்தவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, வென்றவருக்குக் குறையாத கைதட்டல் அவருக்கும் விழுந்தது. பெரியவர் கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "நாலு தடவை தம்பி, நாலு தடவை" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இறுதி ஆட்டம். டிக்கெட் இல்லை, மனமும் இல்லை. லொட்ஜ் டீவியில் உம்மாவோடு இருந்து பார்த்தேன். ரஷ்யாவின் யூஸ்னி எதிரே. நடாலின் கால் அசையவில்லை. நான் நேற்றுக் கண்ட அதே மனிதன், பந்து போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். 6-0, 6-1. தேநீர் ஆற முன்பு முடிந்துவிட்டது போல இருந்தது.

உம்மாவுக்கு விளங்கவில்லை. "நேத்து ரா முழுக்க அடிபட்டு வெண்ட எண்டாயே, அந்தப் பொடியன் இவன்தானே?"

"ஓம் உம்மா."

"அப்ப இண்டைக்கு ஏன் இப்பிடி நிக்கான்?"

"களைச்சிட்டான் உம்மா. நேத்துத் தப்பினதுலயே எல்லாம் முடிஞ்சு போச்சு."

உம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "தோத்தவர் நல்லா ஒறங்கியிருப்பார்" என்றார்.

அந்தக் கிழமையே சீனி இறங்கியது. வெட்டினார்கள். ஆறு மணித்தியாலம் நானும் ராத்தாவும் ஒரு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தோம். உம்மா அதன் பிறகு பதினொரு வருடம் ஊரில் நடமாடினார். சென்னைக் கதை வரும்போதெல்லாம் டொக்டரின் பெயரை மறந்துவிடுவார். "களைச்சுப்போன பொடியனை" மறக்கவில்லை.

சென்னை ஓப்பன் 2018இல் புனேக்குப் போனது. நுங்கம்பாக்கத்தில் ஐந்து வருடம் பெரிய டெனிஸ் இல்லை. 2022 செப்டெம்பரில் பெண்கள் போட்டியாக அது திரும்பி வந்தது. செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார். 2025இல் இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜென் வென்றார். இரண்டையும் நான் பொத்துவிலில் இருந்து, உள்ளங்கைத் திரையில் பார்த்தேன்.

இவற்றைவிட என்னைத் தொட்ட சேதி வேறு. 2016 டிசம்பரில் நடாலின் பயிற்சியாளர் குழுவில் மோயா சேர்ந்தார். அடுத்த வருடமே நடால் பிரெஞ்சு ஓப்பனையும் அமெரிக்க ஓப்பனையும் வென்றார், மறுபடி முதலிடத்துக்கும் வந்தார். 2024 நவம்பரில் நடால் மட்டையைக் கீழே வைக்கும் வரை மோயா கூடவே இருந்தார். அந்த வருடங்களில் பெரும்பகுதி, ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாய் திறக்கக்கூடாது என்பதுதான் டெனிஸின் சட்டமாக இருந்தது. ஓரமாகப் போட்ட இருக்கையில் இருந்து பார்க்கலாம். அவ்வளவுதான். டீவியில் கமெரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் நடாலை விட்டுவிட்டு மோயாவைத்தான் தேடுவேன். கைகள் மடியில், தாடை இறுகி, இடமும் வலமும் அசையும் கண்கள். நுங்கம்பாக்கத்தில் நான்கு தடவை கைக்கு வந்ததைத் தம்பியிடம் பறிகொடுத்தவர், அவனுடைய மெட்ச் பொயின்டுகளை இப்போது இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்க" என்று ஊர் சொன்னபோது நான் அதை ஒரு பொறுப்பில்லாத சொல்லாக எண்ணியிருந்தேன். ஒன்றும் செய்ய முடியாதவனுக்குச் சொல்லும் ஆறுதல் என்று. அந்த இருக்கையில் மோயாவைக் கண்ட பிறகு அப்படி எண்ணுவதில்லை.

இப்போது எங்கள் கரையில் மாரி. அறுகம்பைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மைதானத்தில் பொடியன்கள் மொட்டைப் பந்தை அடிக்கிறார்கள். அஸர் முடிந்து வரும் வழியில், மதிலோரம் கொஞ்ச நேரம் நிற்கிறேன். யார் வெல்கிறார்கள் என்று கேட்பதில்லை.