தேரடியில் முதல் ஷிப்டு

காலை ஆறு மணி ஆகவில்லை. திருவொற்றியூர் தேரடியில் பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்துத் தண்ணீர் தெளிக்கிறார். மெட்ரோ தூணை ஒட்டி ஒரு பெரியவர் நிற்கிறார். எண்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. பொத்தான் ஒன்று மாறி விழுந்ததில் காலர் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. கையில் டிபன் கேரியர்.

டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணூர் பஸ் வரும்போதெல்லாம் ஓரடி முன்னால் வந்து போர்டைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறார். சட்டைப்பையைத் தடவி, "கார்டு எங்க வெச்சேன்?" என்று முணுமுணுக்கிறார். பையில் இருப்பது நாலாக மடித்த காகிதம். மேல் மடிப்பில் யாரோ பெரிதாக எழுதிவைத்த போன் நம்பர்.

"பெரியவரே, டீ சாப்டுறீங்களா?"

திரும்பவில்லை. கடைக்காரர் இரண்டாம் முறை கத்திக் கேட்கிறார்.

"வேணாம்பா, ஷிப்டுக்கு நேரமாச்சு."

டிபன் கேரியரை அவர் மாற்றிப் பிடிக்கும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிடுகின்றன. உள்ளே ஒன்றும் இல்லை.

நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வருகிறார். மருமகள். திட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவருடைய வலது காதுப் பக்கமாகச் சுற்றி வந்து நின்று சொல்கிறார்:

"மாமா, இன்னிக்கி கம்பெனி லீவாம். போன் வந்துச்சு."

பெரியவர் யோசிக்கிறார். "சம்பளத்தோடவா?"

"ஆமா மாமா, சம்பளத்தோடதான்."

அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிடும் மருமகளிடம், "வயசாயிட்டா அப்படித்தான்மா" என்கிறார் கடைக்காரர். ஆறுதலாகத்தான் சொல்கிறார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்: வயதானால் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். மற்ற தொண்ணூற்றிரண்டு சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு அது இல்லை. அப்படியானால் இது நோய்தான். ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். இன்று மாமனாரைத் தேடி ஓடிவரும் பெண்ணை நாளை யார் தேடி வருவார்கள் என்ற கேள்வியும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

மருமகள் சுற்றி வந்து பேசிய, பெரியவரின் அந்த வலது காது என் கண்ணை விட்டுப் போகவில்லை. இது தொழிற்சாலை ஊர். 1950-களிலிருந்தே மோட்டார் சைக்கிள் செய்த ஊர். டயர் செய்யும் ஊர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே விம்கோ நகராக நிலைத்துவிட்ட ஊர். இயந்திர இரைச்சலில் வருடக்கணக்காக நின்றால் காது மந்தமாகும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய பதினான்கு ஆபத்துக் காரணிகளில் நடுவயதிலேயே கேட்கும் திறன் குறைவதும் ஒன்று. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், காற்று மாசு, குறைந்த படிப்பு, தனிமை ஆகியவையும் அதில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவான, அதாவது 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்கிறது அந்த ஆணையம். வடசென்னையின் வீடுகளில் இவற்றில் நாலைந்தாவது ஒரே ஆளிடம் சேர்ந்து கிடக்கலாம்.

தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. அதே வாசலில் நினைவைப் பற்றியும் காதைப் பற்றியும் நாலு கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டும். அதுவரை காத்திராதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பழகின தெருவில் வழி தவறினால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காதையும் சேர்த்துக் காட்டுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. கட்டணம் இல்லை, கூப்பிடுங்கள்.