கயாவின் பேட்டையில் ராவான் செய்கிறவர்கள்

போர்ட் லூயி நகரின் வடக்கு ஓரத்தில், துறைமுகத்தை ஒட்டினாற்போல இருக்கிறது ரோஷ் புவா. மொரிஷியஸில் வசதியானவர்கள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்கிற பேட்டை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல் குடும்பங்கள், 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே ஒண்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் என்று எல்லாரும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். செகே என்ற இசையை உலகுக்குத் தந்த கயா 1960 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தது இங்கேதான். இயற்பெயர் ஜோசப் ரெஜினால்ட் தோபிஸ். பாப் மார்லி 1978இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார்.

கயாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சாவிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அவருடைய தாளம் எதன்மேல் நின்றது என்று பார்க்கவேண்டும். அதற்காகவே ராவான் என்ற தோல்கருவியைச் செய்கிற ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனேன். கூட வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் தமிழ்ப்பெயர், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர், வீட்டில் பேசுவது கிரியோல். பெரியவர் சொன்னதையெல்லாம் அவர்தான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

தகரக் கூரை போட்ட சாய்ப்புதான் பட்டறை. ராவான் என்பது ஏறக்குறைய இரண்டடி அகலமுள்ள, ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்டக் கருவி. பெரியவர் மெல்லிய மரப்பலகையை வளைத்து வளையமாக்கிக் காயவைத்திருந்தார். ஊறிய வெள்ளாட்டுத் தோலைப் பலகைமேல் விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரைச் சுரண்டினார். கத்தி கூராக இருந்தால் தோல் கிழியுமாம். பிறகு தோலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஆட்டின் முதுகெலும்பு ஓடிய தடம் லேசான கோடாகத் தெரிகிறது. அந்தக் கோடு வளையத்தின் நட்டநடுவில் விழவேண்டும். தப்பினால் ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மெலிவு; என்ன காய்ச்சினாலும் நாதம் ஒட்டாது. ஆணி அடிக்கிறதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒன்று அடித்தால் அடுத்தது நேர் எதிரே. வரிசையாக அடித்துக்கொண்டே போனால் தோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஈரத்தோலை இழுத்துப் பிடித்த அவருடைய கட்டைவிரல் நகம் வெளுத்துப்போய்விட்டது. மூலையில் ஒரு மாராவானும் சாய்ந்திருந்தது. கரும்புப் பூக்காம்புகளை அடுக்கித் தட்டையான பெட்டியாகக் கட்டி, உள்ளே கெட்டி விதைகளைப் போட்டுக் குலுக்குகிற கருவி அது. ராவான், மாராவான், ஒரு முக்கோணக் கம்பி: தீவின் பழைய இசையும் ஆட்டமுமான செகாவின் கருவிகள் இவ்வளவுதான்.

புயல் மாதங்களில் காற்றில் ஈரம் ஏறி ராவான் தொய்ந்துபோகும். சருகுத் தீ மூட்டி, தோலை அனலுக்குக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். நம் ஊரில் பறையைக் காய்ச்சுகிற அதே வேலை, அதே கவனம். வாசிக்க உட்கார்ந்ததும் தொடைமேல் சாய்த்துக்கொள்வார்கள். நடுவில் அடித்தால் கனத்த ஒலி. விளிம்பில் விரல் பட்டால் சுள்ளென்று ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றி ஆறாக எண்ணுகிறார்கள். நமக்குப் பழகிய கணக்கில் திஸ்ர நடை.

ஜமைக்காவின் ரெகேயோ சதுஸ்ர நடை. நான்கு எண்ணிக்கையில், கித்தார் அடிக்கு நடுவே வெட்டி விழும். மூன்றாவது அடியில் டிரம் அழுத்தும். எண்பதுகளில் மொரிஷியஸ் இளைஞர்கள் பலர் மார்லியை அப்படியே திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கயாவும் அங்கிருந்து வந்தவர்தான். ஆனால் அவரும் அவருடைய ராசின்தாதான் குழுவும் ஆறைக் கைவிட மறுத்தார்கள். ரெகேயின் வெட்டுக் கித்தாரையும் அடிவயிற்றில் இறங்கும் பேஸையும் கொண்டுவந்து, ராவானின் ஆறு எண்ணிக்கைக்குள் உட்காரவைத்தார்கள். செகாவும் ரெகேயும் சேர்ந்த இதுதான் செகே. இரண்டு இசைகளைக் கலப்பது சுலபம், எவரும் செய்யலாம். எது தரை, எது சுவர் என்று முடிவு செய்வதில்தான் கலைஞன் தெரிகிறான். கயாவின் தரை செகா. பாட்டும் கிரியோலில்தான். வீட்டில் பேசிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் விட்டுப்போகச் சொல்லப்பட்ட அந்த மொழியில், வேர்களைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் விடிவைப் பற்றியும் பாடினார். 'சிமே லாலிமியேர்' இன்றும் அந்தத் தீவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பாட்டு. ராஸ் நாட்டி பேபி போன்ற பாடகர்களும் செகேயைக் கையில் எடுத்தார்கள்.

அந்த வாழ்க்கை 38 வயதில் முடிந்தது. 1999 பிப்ரவரி 16 அன்று ரோஸ் ஹில்லில், கஞ்சா பிடிப்பதைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று கோரிய கூட்டத்தில் கயா பாடினார். அங்கே கஞ்சா புகைத்ததாகச் சில நாட்களில் கைது செய்தார்கள். 21ஆம் தேதி, போர்ட் லூயி லைன் பராக்ஸ் போலீஸ் காவலில் பிணமாகக் கிடந்தார். தலையில் காயம். ரோஷ் புவா கொதித்தது, தீவு முழுவதும் கலவரம் பரவியது. மறுநாள் பெர்ழே அகாத் என்ற இன்னொரு பாடகர் போலீஸ் சுட்டதில் செத்தார். கயாவின் சாவுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. காவலில் செத்தவனுக்கு நியாயம் கிடைக்காத கதை நமக்கும் தெரியாததல்ல.

பட்டறையில் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, பெரியவரே எடுத்தார். அந்த வாரத்தில் வேலையே ஓடவில்லை என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. அடுத்த தோலை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

2014இல் மொரிஷியஸின் மரபுச் செகாவான செகா திப்பிக்கை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் தோட்ட முதலாளிகளும் பாதிரிமார்களும் முகம் சுளித்த ஆட்டம் அது. இன்று கடற்கரை விடுதிகளில் விருந்தினர் சாப்பிடும்போது பூப்போட்ட பாவாடை சுழல ஆடிக்காட்டுகிறார்கள். அந்த விடுதிக் குழுக்கள் கேட்பது செயற்கைத் தோல் போட்ட ராவான். மழைக்குத் தொய்யாது, தீ மூட்டவேண்டாம். பெரியவரும் அதைச் செய்துகொடுக்கிறார், அரிசி வாங்கவேண்டுமே. இரண்டையும் அடித்துக் காட்டச் சொன்னேன். செயற்கைத் தோலின் ஒலி சுத்தமாக, ஒரே மாதிரி இருந்தது. ஆட்டுத்தோலில் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஒரு முனகல் தங்கி, அடுத்த அடியோடு போய்ச் சேர்கிறது. கயாவின் பாட்டுகளில் பேஸ் நிரப்புகிற இடம் அந்த முனகலின் இடம் என்று எனக்குப் பட்டது. இதற்காகவே ஆட்டுத்தோல் நிலைக்கவேண்டும் என்று விரும்புகிறேன். யுனெஸ்கோ சான்றிதழை அரசாங்கம் சட்டகமிட்டு மாட்டினால் போதாது, பட்டறைக்கு ஒரு நல்ல கூரையாவது போட்டுக்கொடுக்கலாம்.

பள்ளி விட்டதும் பேட்டைப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன், காய்ந்து முடிந்த ராவானைத் தூக்கித் தொடையில் வைத்த வேகத்தில் கயாவின் பாட்டு ஒன்றைத் தொடங்கினான். பெரியவர் கையை நீட்டித் தோலை அமுக்கி நிறுத்தினார். முதலில் வெறும் செகா. பாட்டு வேண்டாம், கித்தார் வேண்டாம், ஆறு மட்டும். பையன் முணுமுணுத்துக்கொண்டே அடித்தான். நான்காகச் சறுக்கும்போதெல்லாம் பெரியவர் தலையைத் தூக்காமலே நாக்கைச் சொடுக்கினார். அவன் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். ஆறு நிற்காதவன் என் பட்டறையில் கயாவைத் தொடமுடியாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, எதிர்ப்புறத்து ஆணியைத் தேடினார்.