ஜப்பானிய மொழி யாருக்குக் கஷ்டம்?

எங்கள் கல்லூரியில் சாயங்காலம் ஜப்பானிய மொழி வகுப்பு உண்டு. மார்க் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது, இஷ்டப்பட்டவர்கள் வரலாம். முதல் வாரம் உட்கார இடமில்லை. மூன்றாம் வாரம் ஈ ஓட்டியது. நின்றுபோனவர்கள் சொன்ன காரணம்: "உலகத்திலேயே கஷ்டமான மொழியாமே!"

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க 2,200 மணி நேரம் ஒதுக்குகிறது. உண்மைதான் மக்களே, ஆனால் அது ஆங்கிலம் பேசுபவர்களுக்குப் போட்ட கணக்கு. வில்லாபுரத்துக்காரனுக்குப் போட்டதல்ல.

'கோஹன் ஓ தபேமாசு' என்றால் 'சோற்றைச் சாப்பிடுகிறேன்'. கோஹன் சோறு, 'ஓ' நம்ம 'ஐ', வினைச்சொல் கடைசியில். 'நான்' சொல்லாவிட்டாலும் புரியும். கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். 'மதுரையிலிருந்து' என்பது 'மதுரை கரா'. எழுத்து வரிசைகூட அ, க, ச, த, ந என்று போகும். பௌத்தத்தோடு போன வடமொழி எழுத்து முறையின் தாக்கம் அது.

உடனே "ஜப்பானியம் தமிழிலிருந்து வந்தது" என்று கிளம்பிவிடாதீர்கள். சுசுமு ஓனோ (1919–2008) இரண்டுக்கும் உறவு உண்டென்று வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. இலக்கணம் ஒத்துப்போனால் படிப்பவனுக்கு லாபம், அவ்வளவுதான்.

நிஜமான கஷ்டம் கான்ஜி (கஞ்சி அல்ல!) எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. இதில் தமிழனுக்குச் சலுகை கிடையாது. தினமும் இரண்டு எழுதிப் பழகினால், மூன்று வருஷ டிகிரி முடிவதற்குள் பட்டியலும் முடிந்துவிடும்.