ஒரு நல்ல வார்த்தை

சென்ற ஆண்டு கடலூர் நண்பர் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு, நான் வேலை பார்க்கும் வங்கிக்கே வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு ஒரே கிளையில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர்களில் இருந்தவர்கள் நாங்கள். பையனுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பகல் சாப்பாட்டு நேரம். பையன் பெட்டியின் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டிருந்தான். 'தம்பி, இனிமே நீங்கதான் அவனுக்கு. நான் அங்கேருந்து என்ன பண்ண முடியும்? கொஞ்சம் பாத்துக்குங்க' என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? கண்காணிப்பதற்கும் பராமரிப்பதற்கும் தமிழில் ஒரே வார்த்தையாக இருப்பது அப்பாக்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று பிறகுதான் தோன்றிற்று.

2007-ல் என் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நான் பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்திருந்தேன். மெயின் லைனை அகலப்பாதையாக மாற்றிக்கொண்டிருந்த சமயம், ரயில் கிடையாது. பஸ்ஸில் புதுச்சத்திரம் வழியாக வந்தோம். அப்பா மடியில் இரண்டு கிலோ முந்திரிப்பருப்புப் பொட்டலம். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பாவின் பள்ளிக்கூட சிநேகிதர் இருந்தார். பத்திரம் எழுதுவது தொழில். நான் மாமா என்று கூப்பிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லப்பட்டது. 'ஒம் பையன் மாதிரி நெனச்சிக்க. தப்பு பண்ணா ரெண்டு போடு' என்று சொல்லிப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்தார் அப்பா. கிரயம் முடிந்த மாதிரி இருந்தது எனக்கு. மாமா ஒருநாளும் என்னை அடிக்கவில்லை, அதட்டியதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட்டார். ஜெராக்ஸ் எடுக்கக் காசு கொடுத்தார். நான் மௌனி கதைகளை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மௌனியைத் தெருவில் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். மௌனி இதே ஊரில் வாழ்ந்து 1985-ல் இறந்தவர். ஊரில் அவரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், படித்தவர்களைத்தான் காணோம்.

இதற்கு மேல் மாமாவைப் பற்றிச் சொல்லுமுன் வேறொரு ஒப்படைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் இந்த விஷயத்துக்கு அதுதான் மூலப்பிரதி என்று எனக்குப் படுகிறது. 1871-ல் வேங்கடசுப்பையர் தன் மகனை மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் விட்டார். பிள்ளை உடனே மலர்ந்துவிடவில்லை. வருகிறவர்கள் கொஞ்சநாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்ற அனுபவம் அவருக்கு. சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வியும் எழுந்தது. பிராமணப் பையன் அவர் வீட்டில் சாப்பிட முடியாத காலம். உ. வே. சாமிநாதையரின் சுயசரிதத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் இந்த இடத்தைச் சொல்லிக் கண்கலங்குவார்கள். குரு, சிஷ்யன், பக்தி. நம்மவர்களுக்குக் கண்கலங்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் போதும், பக்கத்தில் நடப்பதைப் பார்க்க மாட்டார்கள்.

பக்கத்தில் நடந்தது இது. அதே மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். பாரதியார் என்றால் இன்று வேறொருவர் நினைவு வருகிறது. இவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை செய்தவர், பிரம்மச்சாரி. வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், கனம் கிருஷ்ணையரிடம் கற்றவர். அந்த வழியில் பாரதியார் இவர்களுக்கு வேண்டியவர். மகனுக்குக் குடும்பச் சொத்தாகிய சங்கீதமும் வர வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. ஆக, தமிழுக்குப் பிள்ளையிடமும் சங்கீதத்துக்குப் பாரதியாரிடமும், ஒரே பையன் ஒரே ஊரில் இரண்டு பேரிடம் ஒப்படைக்கப்பட்டான். முதலாவது பையனின் ஆசை, இரண்டாவது அப்பாவுடையது. பையன் போய்ப் பாடிக் கற்றுக்கொண்டும் வந்தான்.

பிறகு பாரதியார் ஒருநாள் பிள்ளையைச் சந்தித்தபோது இந்த மாணாக்கனைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிட்டார். என்னிடம் பாட்டுக் கற்கிறான், நன்றாக வருகிறது என்று. சிநேகிதர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சிபாரிசு, அவ்வளவுதான். பிள்ளை பையனைக் கூப்பிட்டுச் சங்கீதத்தில் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியத்தில் புத்தி ஆழ்ந்து போகாது என்றார். அதோடு சங்கீதம் நின்றது. கோள் சொன்னவர் யாருமில்லை. ஒரு பாராட்டுதான் அதை நிறுத்திற்று.

பிள்ளையைச் சங்கீத ஞானமில்லாத பண்டிதர் என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் எளிதாகிவிடும். ஆனால் சாமிநாதையரே இன்னொரு சம்பவத்தையும் பதிவு செய்திருக்கிறார். பாரதியார் தன் நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டுப் பிள்ளையிடம் பலமுறை நடந்தார். இலக்கணப் பிழைகள் கிடந்த நூல், பிள்ளை பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் பாரதியார் காத்திருந்த நேரத்தில், நந்தன் சன்னதிக்கு வரலாமா என்று கேட்கும் இடத்தைத் தனக்குள் பாட ஆரம்பித்துவிட்டார். உள்ளே இருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். ஆக, பையனைத் தடுத்தவர் ஒருமுறை சங்கீதத்திடம் தோற்றவர். அது மனசை எங்கே கொண்டுபோகும் என்று பிரத்யட்சமாகத் தெரிந்தவர். தெரிந்ததால்தான் தடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாதவனின் தடையை மீறிவிடலாம். இந்தத் தடையை அந்தப் பையனால் எப்படி மீற முடியும்?

சாப்பாட்டையும் வழிநடையையும் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய சாமிநாதையர் சங்கீதம் நின்றுபோனதைச் சில வரிகளில் கடந்துபோகிறார். குறை சொல்லவில்லை. அப்பா என்ன நினைத்தார் என்று விஸ்தாரமாகச் சொல்லவுமில்லை. சங்கீதம் போனாலென்ன, 1887-ல் சிந்தாமணியும் 1892-ல் சிலப்பதிகாரமும் கிடைத்தனவே என்று சொல்பவர்கள் உண்டு. இது என் தொழிற்கணக்கு, பற்று, வரவு. நான் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், யாழும் பண்ணும் நிறைந்த அரங்கேற்று காதையைப் பதிப்பித்த கை, மாயூரத்தில் பாட்டை விட்டுவிட்டு வந்தவனின் கை என்பதுதான். பிற்காலத்தில் அவர் கனம் கிருஷ்ணையருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் மகா வைத்தியநாதையருக்கும் சரித்திரம் எழுதினார். 1924-ல் இங்கே, சிதம்பரத்தில், மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. மூன்று வருஷம் இருந்தார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எத்தனை அப்பாக்கள் அவர் முன் வந்து நின்றிருப்பார்கள்! நந்தன் வர ஏங்கிய ஊர் வேறு. மனிதர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று கீழ வீதியில் நடக்கும்போது யோசித்திருக்கிறேன்.

மாமாவும் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். 'ஒம் பையன் படிக்கிறது எதுவும் எனக்குப் புரியலடா. காலேஜ் புஸ்தகம் இல்ல, வேற. எழுதவும் எழுதறான். பெரிய ஆளா வருவான் பாரு' என்றார். உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். அப்பா வெற்றிலையை மடித்தபடி என்னைப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில், பயம். அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து நான் கடலூரில் வங்கித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். எம்.ஏ. என்ற பேச்சே அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை.

'நல்லதாத்தானே சொன்னேன்' என்றார் மாமா ஒருமுறை. ஆறு வருஷம் நான் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் புத்தகம் வாங்கி, அதைப் பற்றி எழுதி, அது இருநூறு பிரதி அடிக்கும் பத்திரிகையில் அச்சான பிறகும் போகவில்லை. அப்பா இறந்தபோது அவர் சிதம்பரத்திலிருந்து வந்து பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்து, இப்போதும் எழுதுகிறாயா என்று கேட்டார். என் அப்பா ஒருநாளும் கேட்காத கேள்வி. அவர் என்னை உண்மையில் பார்த்துக்கொண்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. வங்கி வேலையை நான் வெறுக்கிறேன் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் அக்கா கல்யாணக் கடன் தீர்ந்தது.

இப்போது நண்பரின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். என்னை அங்கிள் என்கிறான். அதை எப்படி மாற்றச் சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிட்டதும் கைபேசியைத் தேய்த்துப் படங்கள் காட்டுகிறான். விடுதி நண்பனின் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு வகுப்பு நாட்களிலும் பிச்சாவரத்துக்குப் போய்விடுகிறான். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நிற்கும் கொக்கு, சேற்றின் மேல் நீர் விட்டுப்போன கோடுகள், படகுக்காரரின் முதுகு. நான் படங்களைப் பற்றி அதிகம் அறிந்தவனில்லை. ஆனால் கொக்குப் படத்தில் கொக்கு ஓரத்துக்குப் போய், முக்கால்வாசி வெறும் தண்ணீராக இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். 'கொக்கு போயிடும் அங்கிள், தண்ணி அங்கேயேதான் இருக்கும்' என்றான். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் நின்றுபோயிருக்கிறது. அதையும் அவனேதான் சொன்னான்.

போன வாரம் அவன் அப்பா போன் செய்தார்.

'எப்படி இருக்கான் தம்பி?'

கொக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பாராட்டுத்தான். பேப்பர்களைப் பற்றியும் சொல்லியிருக்கலாம், அது கடமை.

'சாப்பாடு ஒத்துக்குதுண்ணே' என்றேன். 'கொஞ்சம் சதை போட்டிருக்கான்.'

'வேற ஒண்ணும் இல்லியே?'

'ஒண்ணும் இல்லண்ணே.'

வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் மேல வீதிப் பின்சந்துக்குப் போனேன். மாமா வீட்டுத் திண்ணையை இடித்துக் கம்பிக்கதவு போட்டிருக்கிறார்கள். அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, நான் யார் என்று.