மறைக்காத இருள்

விஞ்ஞானத்தில் பெயர் வைப்பவர்கள் நம் கவிஞர்களைவிடக் கவனக் குறைவானவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. 'டார்க் மேட்டர்' என்று ஒரு பெயர். தமிழில் கரும்பொருள் என்கிறார்கள். கேட்டதும் மனம் புகையையோ திரையையோ நினைத்துக்கொள்கிறது. ஒளி அதன்மேல் பட்டு மடிந்துபோகும் என்றும் எண்ணிக்கொள்கிறது. விஷயம் நேர்மாறானது. அது ஒளியை விழுங்குவதாகவோ, உமிழ்வதாகவோ, சிதறடிப்பதாகவோ இதுவரை எந்தத் தடயமும் இல்லை. ஒளி அதனூடே தடையின்றிப் போகிறது. கண்ணாடிகூட அதன் முன் அழுக்குதான். அதன் குணம் கருமையல்ல, தெளிவு.

நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், இதை ஒப்பவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறி வெள்ளிமலைப் பக்கம் போய்விட்டால் கள்ளக்குறிச்சியின் விளக்குகள் பின்தங்கிவிடுகின்றன. நிலவில்லாத இரவில், கல்வராயன் மலையின் மேல் பால்வீதி தெரியும். அதன் நடுவே கரிய பிளவுகளும் தெரியும். அவற்றைக் காட்டி, "இதோ உங்கள் கரும்பொருள்" என்றார். அது தூசி. நட்சத்திரங்களுக்கிடையே மிதக்கும் சாதாரணத் தூசி. பின்னால் இருக்கிற வெளிச்சத்தை அது மறைக்கிறது. "அப்படியானால் கரும்பொருள் ஒளியை என்னதான் செய்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. வளைக்கிறது என்பது பதில்.

கனமுள்ள எதுவும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கும். அந்த வெளியில் போகிற ஒளியின் பாதையும் வளையும் என்பது ஐன்ஸ்டீன் 1915இல் முடித்த கொள்கை. சூரியனின் விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை விலக வேண்டும். விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. மாலையில் அடிவானத்தைத் தொடுகிற சூரியனை நம் காற்றுமண்டலம் அரைப் பாகைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறது. நாம் பார்க்கும்போது சூரியன் ஏற்கெனவே இறங்கிவிட்டிருக்கும். அந்தப் பொய்யில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை இந்த 1.75. காற்று நிறத்துக்கு நிறம் வேறு அளவில் வளைக்கும், சிவக்கவும் வைக்கும். ஈர்ப்பு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வளைக்கும்.

1919 மே 29 கிரகணத்தில் எடிங்டன் பிரின்சிப்பி தீவிலும், அவர் சகாக்கள் பிரேசிலின் சோப்ராலிலும் இதை அளந்தது எல்லோருக்கும் தெரியும். நம் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் எவர்ஷெட் 1922 செப்டம்பரில் இதே விலகலை அளக்க ஆஸ்திரேலியாவின் வால்லால் கடற்கரைக்குப் போனது அவ்வளவாகத் தெரியாது. அவருக்குக் கருவிகள் கைகொடுக்கவில்லை. அதே கரையில் கூடாரமிட்டிருந்த அமெரிக்கக் குழு அளந்து, ஐன்ஸ்டீன் சொன்னதை உறுதிப்படுத்தியது.

சூரியன் கண்ணுக்குத் தெரிகிற பொருள். தெரியாத பொருளின் கதை 1933இல் தொடங்குகிறது. கோமா கூட்டத்து நட்சத்திர மண்டலங்களின் வேகத்தைக் கணக்கிட்ட ஸ்விக்கி, கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்று கண்டார். கணக்கு இடித்தது. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது பழகிய நிலைமை. பற்றும் வரவும் ஒத்துவராதபோது வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். அந்தத் தொகைக்குப் பெயர் கிடையாது, ஆள் கிடையாது. ஆனால் பைசா சுத்தமாக அளவு உண்டு. கரும்பொருள் பௌதிகத்தின் சஸ்பென்ஸ் கணக்கு. இன்றைய கணிப்பில் அது சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். எந்தத் துகளால் ஆனது என்று இன்னும் பிடிபடவில்லை.

அளவு எப்படிக் கிடைக்கிறது? பெருமளவுக்கு, வளைந்த ஒளியிலிருந்து. ஒரு மண்டலம் பின்னாலிருப்பதற்கு லென்ஸாக நிற்கக்கூடும் என்று ஸ்விக்கியே 1937இல் எழுதினார். 1979இல், வானத்தில் அருகருகே இரண்டு குவாசர்களாகத் தெரிந்தவை உண்மையில் ஒன்றே என்று கண்டார்கள். இடையில் நின்ற ஒரு மண்டலமும் அதைச் சூழ்ந்த கூட்டமும் ஒளியை இரு வழியாகப் பிரித்து அனுப்பியிருக்கின்றன. ஒரு வழியில் வருவது மற்றதைவிட 417 நாள் தாமதமாக வருகிறது. ஒளியில் எதுவும் குறையவில்லை, பாதைகள்தான் வேறு. 2006இல் 'புல்லட்' என்று பெயர்பெற்ற, மோதிக் கடந்த இரண்டு மண்டலக் கூட்டங்களை ஆராய்ந்தார்கள். அங்கே சாதாரணப் பொருளில் பெரும் பங்கான சூடான வாயு மோதலில் பின்தங்கி நடுவில் நின்றுவிட்டது. பின்னணி ஒளியின் வளைவோ, கனம் அதில் இல்லை, இருபுறமும் தள்ளியிருக்கிறது என்று காட்டியது.

இதற்கு எதிர்முனையான உதாரணம் கல்வராயனுக்கு வடக்கே ஜவ்வாது மலையில் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. காவலூர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், கிரகம் வந்து சேருமுன்பே நட்சத்திரம் மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோள் என்றுதான் முதலில் எழுதினார்கள். அது யுரேனஸின் வளையம் என்பது மற்ற இடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது தெளிவாயிற்று. வளையம் மறைத்துத் தன்னைக் காட்டிக்கொண்டது. கரும்பொருள் மறைக்காமலே காட்டிக்கொள்கிறது.

நண்பருக்கும் எனக்கும் வழக்கு இங்கேதான். 'இருண்மை' என்ற சொல்லை நம் பத்திரிகைகள் புதுக்கவிதைக்காக நிறையப் புழங்கிவிட்டன. புரியாமைக்கும் அதே பெயர், ஆழத்துக்கும் அதே பெயர். நண்பரின் கவிதைகளில் ஒன்று ஒரு வீட்டில் பந்தி போடுவதைச் சொல்கிறது. இலைகள் விரிக்கப்படுகின்றன, தண்ணீர் தெளிக்கப்படுகிறது. ஐந்து இலைக்குப் பின் ஆறாவது இலையைச் சுருட்டி வைக்கிறார்கள். சாவு என்ற சொல் கிடையாது. ஒவ்வொரு வரியும் தெளிவு. ஆனால் எல்லா வரியும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இன்னொரு கவிதையில் இருள், வெறுமை, மௌனம் மூன்றும் மாறி மாறி வருகின்றன. பின்னால் ஏதோ இருக்கலாம், பார்க்க விடவில்லை. இரண்டாவதுதான் தன் சிறந்த கவிதை என்கிறார் அவர். எனக்கு முதலாவது கரும்பொருள், இரண்டாவது தூசி.

கரும்பொருளுக்கும் கருப்பொருளுக்கும் ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். சொல் தற்செயல்; விஷயம் அப்படியல்ல. தெய்வம் நீங்கலாக மற்றக் கருப்பொருள்களின் மேல்தான் உள்ளுறை நிற்கும் என்று தொல்காப்பியர் நிபந்தனை விதித்தார். சொல்லாததைச் சொல்ல வேண்டுமானால் யானையும் தினையும் அருவியும் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறவற்றில்தான் தெரியாதது தன் எடையைப் பதிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். யுரேனஸின் பாதை பிசகியபோது, காணாத கிரகம் ஒன்று இருக்க வேண்டும் என்று லெவெரியே கணக்கிட்டார். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பாதை பிசகியபோதும் வல்கன் என்று ஒரு கிரகத்தைச் சொன்னார். அது இல்லவே இல்லை. ஈர்ப்பு விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கரும்பொருளையும் அப்படிச் சந்தேகித்து, 1983இல் மில்க்ரோம் விதித்திருத்தம் ஒன்றை முன்வைத்தார். பெரும்பாலோர் ஏற்கவில்லை, ஆனால் வழக்கு முறையாக நடக்கிறது. அங்கே இருதரப்பும் ஒரே வளைவை அளந்துகொண்டுதான் சண்டையிடுகிறார்கள்.

விமர்சனத்திலும் அவ்வளவுதான் கேட்கிறேன். வரிகளுக்கிடையே மௌனம் கனக்கிறது என்று எழுதுகிறவர், எந்தச் சொல் எங்கே எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதபோது தூசி என்று எழுதிவிடலாம். அதில் அவமானம் இல்லை. தூசியும் பிரபஞ்சத்தில் உள்ளதுதான்.