மீடியனில் பூ, ஓரத்தில் பள்ளம்

சாலையை அழகுபடுத்தப் போகிறார்கள் என்றால் என்னென்ன வரும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். மீடியனில் அரளி, மேம்பாலத் தூணில் மயில், இரவில் வண்ண விளக்கு. அரளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதிகம் தண்ணீர் கேட்காது, மாடு வாய் வைக்காது, எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். நெடுஞ்சாலைக்கென்றே பிறந்த செடி. ஆனால் சென்னை குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோடு என்கிற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டின் நடுவில் யாரும் நடப்பதில்லை. ஓரத்தில்தான் நடக்கிறோம். அந்த ஓரம் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்தச் சாலைக்கென்று ஒரு குணம் உண்டு. திரிசூலத்திலிருந்து தாம்பரம் வரை அதன் கிழக்குப் பக்கமாகவே ரயில் பாதையும் ஒட்டி வருகிறது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் இந்த ஊர்களெல்லாம் ஸ்டேஷனைப் பார்த்துத்தான் வளர்ந்தன. நெடுஞ்சாலை வெளியூர்க்காரனுக்கு, ஸ்டேஷன் உள்ளூர்க்காரனுக்கு. சாலை ஒல்லியாக இருந்தவரை இந்தப் பங்கீட்டில் தகராறு இல்லை. அது அகலமாகி நடுவில் தடுப்பும் வந்தபிறகு, ரயிலை விட்டு இறங்கி மேற்கே வீட்டுக்குப் போகிறவருக்குக் குறுக்கே ஓர் ஆறு ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. விழுப்புரம் போகும் காருக்கும் கீரைக்கட்டோடு வீடு திரும்பும் அம்மாவுக்கும் ஒரே சாலை.

நடை மேம்பாலம் கட்டினால் தீர்ந்தது என்பார்கள். முழங்கால் வலிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏறி இறங்க முடியாதவர்கள் தடுப்புவேலியில் கம்பி வளைந்த இடத்தில் நுழைந்து போகிறார்கள். வந்து சரிசெய்கிறார்கள், மறுபடி வளைகிறது. விதியை மீறுகிற ஜனம் என்று இதற்குப் பெயர். எனக்கென்னவோ, கம்பி வளைந்த இடங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டாலே, சிக்னலோடு தரைமட்டத்தில் கடக்கும் இடங்கள் எங்கெங்கே வேண்டும் என்று தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆலோசகருக்குக் கொடுக்கும் பணமாவது மிஞ்சும்.

நடைபாதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012இல் திருத்தி வெளியிட்ட பாதசாரி வழிகாட்டியில், குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. இங்கே வடிகால் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும். கடைக்காரர் வாசலுக்கு வண்டி ஏற ஒரு சாய்தளம் போட்டிருப்பார். அதைத் தாண்டினால் மின்வாரியப் பெட்டி, அப்புறம் மூடி இல்லாத ஒரு துண்டு. ஏறி இறங்கி அலுத்தவர்கள் பேசாமல் தாரோடு நடக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பிலும் இதே கதை. நிழற்குடை பின்னால் இருக்கும், ஜனம் சாலையில் நிற்கும், பஸ் இரண்டாவது வரிசையில் வந்து நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் இதே சாலையில் வெளியூர்ப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் திறந்தபிறகு பெட்டி படுக்கையோடு மாநகரப் பேருந்துக்கு ஓடுகிறவர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள்.

முன்பெல்லாம் டிரங்க் ரோடு என்றால் இருபுறமும் புளியமரம். காய் ஏலத்துக்குப் போகும், நிழல் இலவசம். அகலப்படுத்தும்போது ஓரத்து மரங்கள் போயின. அதற்கு ஈடாக நடுவில் செடி வந்தது. பூ இருக்கிறது, நிழல் இல்லை. யோசித்துப் பார்த்தால் நம் அழகுபடுத்தல் எல்லாமே காருக்குள் உட்கார்ந்து எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கண்ணுக்குச் செய்ததுதான். கடை முகப்பில் பளபளக்கும் ஏ.சி.பி. அலுமினியத் தகடும் மூன்று மாடி உயரப் பெயர்ப்பலகையும் அவருக்காகத்தான். பலகைகளும் பேனர்களும் அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் மீடியனில் கட்டியிருந்த பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் செத்துப்போனார்.

இந்த வட்டாரத்திலேயே அழகான தெரு எது என்று கேட்டால் பல்லாவரத்துப் பழைய டிரங்க் ரோட்டைத்தான் சொல்வேன், அதுவும் வெள்ளிக்கிழமை சந்தையன்று. பழைய மிக்ஸி, லவ் பேர்ட்ஸ், ரோஜாக் கன்று, உடைந்த டி.வி. எல்லாம் தரையில் கிடக்கும். எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து கொடுத்ததில்லை. குப்பையும் உண்டு, நெரிசலும் உண்டு. ஆனாலும் அங்கே மனிதர் நடக்கும் வேகத்தில் எல்லாம் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டைச் சந்தையாக்கச் சொல்லவில்லை. லாரிகள் போயாக வேண்டும். ஆனால் ஓரத்தைச் சரிசெய்ய இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. பல்லாவரம், தாம்பரம் என்று தனித்தனியாக இருந்த நகராட்சிகள் 2021இல் தாம்பரம் மாநகராட்சியாக ஒன்றாயின. நெடுஞ்சாலைத் துறையோடு உட்கார்ந்து பேச இப்போது ஒரே ஆள் இருக்கிறார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டமும் இருக்கிறது. அது வந்தால் சாலையைத் தோண்டத்தான் போகிறார்கள். தோண்டும்போதே வடிகாலைத் தரைமட்டத்துக்கு இறக்கி, மின்பெட்டிகளைக் கடைச்சுவர் பக்கம் ஒதுக்கி, மூன்று கடைக்கு ஒரு சாய்தளம் என்று வைத்து, ஓரத்தில் புங்கமோ வேம்போ நட்டுவிடலாம். தூணில் மயில் வரைவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளட்டும்.