எத்தினை கோர் வேணும்?

"அண்ணை, ஐ9 போடுவமோ?" எண்டு உரும்பிராயில கலியாண வீடியோ எடிட் செய்யிற தம்பி ஒருத்தன் கேட்டவன். அவன்ர திரையில பிரீமியரில ரெண்டர் ஓடும், போட்டோஷொப்பில அல்பம் திறந்திருக்கும், குரோமில எண்ணேலாத அளவு டாப், இடையில கனடா மாப்பிள்ளை வீட்டாற்ற வாட்ஸ்அப் கோல் வேற.

இப்பிடி எல்லாத்தையும் ஒண்டா ஓட்டுறவைக்கு கிகாஹேட்ஸைவிட கோர் எண்ணிக்கைதான் முக்கியம். ஒரு அடுப்பில நாலு கறி வைக்கேலாது. இன்டெலின்ர ஐ9 14900கேயில 24 கோர் எண்டு போட்டிருக்கும். அதில 8தான் பெரிய கோர், மிச்சம் 16ம் சின்னன். முழுச் சுமையில 253 வாட் வரை இழுக்கும். சித்திரை வெய்யிலில, ஏசி இல்லாத அறையில அதைக் குளிராக்கிறது லேசில்லை. 2024இல இது உட்பட 13ஆம், 14ஆம் தலைமுறை சிப்புகளின்ர வோல்டேஜ் சிக்கலால இன்டெல் உத்தரவாதத்தை ரெண்டு வருசம் நீட்டவேண்டி வந்தது.

அதுக்குப் போட்டியான றைசன் 9 7900இல 12 கோரும் பெரிசுதான், 24 திரெட். 88 வாட்டோட நிண்டிடும். சின்ன யூபிஎஸ்ஸும் தாங்கும். (2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிண்டதை மறந்திட்டியளோ?) இன்டெலுக்கும் ஒரு நன்மை இருக்கு: குயிக் சிங்க் எண்ட வீடியோ வசதி. அதால வீடியோ டைம்லைன் சிக்காமல் ஓடும். ஆனால் எஃப் எண்டு முடியிற மொடலில அது இல்லை, கவனம். என்ர தெரிவு 7900தான்.

வேண்டப்போறவை முதல்ல டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கோ. நிரம்பிக் கிடக்கிறது றாம் எண்டால், புரொசெசரை விட்டிட்டு றாமைக் கூட்டுங்கோ.